கருவியும் கருத்தாவும்

மூன்றாம் வேற்றுமை உருபாகிய 'ஆல்' என்பதற்குக் கருவி என்றும் கருத்தா என்றும் நம் இலக்கண நூலார் பொருள் வகுத்துள்ளனர். 'வாளால் வெட்டினான்' என்னுமிடத்து வாள் கருவி. 'தச்சனால் செய்யப்பட்டது' என்னுமிடத்துத் தச்சன் கருத்தா. உயிரற்ற வாளுக்கும் உயிருள்ள தச்சனுக்கும் ஒரே உருபைத் தந்தது ஏன் என்று பள்ளிப் பருவத்தில் நாம் கேட்டதில்லை. தேர்வுக்கு வேண்டிய அளவு மனப்பாடம் செய்து நகர்ந்துவிட்டோம். அவர்கள் இன்னும் ஒரு படி நுணுகிச் சென்று, கருத்தாவையும் இயற்றுதல் கருத்தா, ஏவுதல் கருத்தா என இரண்டாகப் பகுத்தனர். கோயிலைக் கட்டிய சிற்பி இயற்றுதல் கருத்தா. கட்டுக என ஆணையிட்ட அரசன் ஏவுதல் கருத்தா. அரசன் ஒரு கல்லையும் தூக்கியவனல்லன். ஆயினும் கல்வெட்டில் நிற்பது அவன் பெயரே.

எந்திர நாகரிகம் மனிதர் அனைவரையும் ஏவுதல் கருத்தாக்களாக ஆக்க முனைந்து நிற்கிறது. பொத்தானை அழுத்துகிறோம், இயற்றுவது வேறொன்று. முன்பு அரசர்க்கும் செல்வர்க்கும் மட்டுமே வாய்த்த நிலை இன்று நடுத்தரக் குடும்பங்களுக்கும் வாய்த்திருக்கிறது. இதனைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. கிணற்றில் நீர் இறைத்தும், உரலில் நெல் குத்தியும், புகையடுப்பை ஊதியும் தேய்ந்துபோன பெண்களின் கைகளைக் கண்டவர் எவரும் எளிதில் பழிக்க மாட்டார். ஆனால் ஏவிக்கொண்டே இருப்பவன் இயற்றும் ஆற்றலை முற்றும் இழந்தபின், எதை ஏவுவது என்று தேரும் ஆற்றலாவது அவனிடம் எஞ்சுமா? இவ்வினாவை மெய்யியலார் பலர் எழுப்பியுள்ளனர். அவர்களைக் காட்டிலும் கூர்மையாக எழுப்பியவர்கள், என் கருத்தில், அறிவியல் புனைகதை ஆசிரியர்களே.

அறிவியல் புனைகதை என்றதும் பறக்கும் தட்டும் பச்சை நிற மாந்தரும் நினைவில் எழ, முகம் சுளிக்கும் அன்பர்கள் நம் இலக்கிய மன்றங்களில் உண்டு. அவர்களுடன் வழக்காட இங்கு இடமில்லை. இக்கவலை அவ்விலக்கிய வகையோடு உடன் பிறந்தது என்பதை மட்டும் சொல்லி மேற்செல்கிறேன். நியூசிலாந்தில் ஆட்டுப் பண்ணை நடத்திவந்த சாமுவேல் பட்லர் என்னும் ஆங்கிலேயர், 1863ஆம் ஆண்டிலேயே, டார்வினின் கோட்பாட்டை எந்திரங்களின்மேல் ஏற்றி, அவை மனிதனை மிஞ்சி வளரும் என ஒரு செய்தித்தாளில் எழுதினார். பின்னர் 1872இல் வெளியிட்ட 'எர்வான்' என்னும் நூலில், எந்திரங்களை அஞ்சி அழித்துவிட்ட ஒரு நாட்டையே படைத்துக் காட்டினார். அந்நாட்டில் வழிப்போக்கன் ஒருவனுடைய சட்டைப்பைக் கடிகாரம்கூடக் குற்றப் பொருளாகிவிடுகிறது. எச். ஜி. வெல்ஸின் 'காலப் பொறி' 1895இல் வந்தது. அதில் வரும் ஈலாய் என்னும் எதிர்கால மாந்தர் அழகானவர்கள், மென்மையானவர்கள், உழைப்பறியாதவர்கள். அவர்களுள் ஒருத்தி ஆற்றில் மூழ்கித் தவிக்கையில், மற்றவர் எவரும் அவளைக் காக்கக் கை நீட்டுவதில்லை. அவர்களிடம் கொடுமை ஏதும் இல்லை. முயல வேண்டும் என்ற எண்ணமே தோன்றுவதில்லை. கைத்திறன் போகும்போது உடன் இரக்கமும் போகும் என்பதை வெல்ஸ் இந்த ஒரு காட்சியில் காட்டிவிடுகிறார்.

இவ்வரிசையில் என் நெஞ்சை மிகுதியும் தொட்ட கதை ஈ. எம். ஃபார்ஸ்டர் எழுதியது. 1924இல் வெளிவந்த 'இந்தியாவுக்கு ஒரு பயணம்' என்னும் நாவலால் அவரை நாம் அறிவோம். இந்திய மண்ணை அவர் முதன்முதலாக மிதித்தது 1912இல்; அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1909இல், 'எந்திரம் நின்றுவிடுகிறது' என்னும் கதையை வெளியிட்டார். வானொலி ஒலிபரப்பே தொடங்காத காலம் அது.

அக்கதையில் மனித இனம் முழுதும் நிலத்துக்கடியில் வாழ்கிறது. தேன்கூட்டின் அறைபோல் அறுகோண வடிவில் ஆளுக்கோர் அறை. உணவுக்கு ஒரு பொத்தான், இசைக்கு ஒன்று, குளியலுக்கு ஒன்று, நூல்களுக்கு ஒன்று. வாஷ்டி என்னும் மாது நாற்காலியை விட்டு எழாமலே ஆயிரக்கணக்கானோரை அறிந்திருக்கிறாள். இசை வரலாறு பற்றி அவர்களுக்குச் சொற்பொழிவும் ஆற்றுகிறாள். அவளுடைய மகன் குனோ உலகின் மறு பாதியில் இருக்கிறான். நீல ஒளி வீசும் வட்டத் தட்டு ஒன்றில் அவன் முகம் தோன்றுகிறது. நேரில் வா, உன்னைக் காண வேண்டும் என்கிறான் மகன். இப்போது கண்டுகொண்டுதானே இருக்கிறோம் என்கிறாள் தாய். தட்டில் தெரிவது உன்னைப் போன்ற ஏதோ ஒன்று, நீ அன்று என்கிறான் அவன்.

வெளியூர் வாழ் தமிழ்க் குடும்பங்களில் இதனைப் படித்துத் திடுக்கிடாதவர் இருத்தல் அரிது. மன்னார்குடியில் பாட்டி, தில்லியில் பேரன், இடையே ஒளிரும் தட்டு. நூறாண்டுக்கு மேற்பட்ட கதை நம் வீட்டுக் கூடத்தில் நாள்தோறும் நடந்துகொண்டிருக்கிறது. ஆயினும் ஃபார்ஸ்டரை அப்படியே ஏற்றுக்கொண்டு கைப்பேசியைச் சபிப்பது நேர்மையாகாது. ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் கழித்து வடக்கே வந்திறங்கிய தலைமுறைக்கு, ஊரிலிருந்து வந்த நீலநிற உள்நாட்டுக் கடிதம் எத்தனை முறை படிக்கப்பட்டது என்பது தெரியும். டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு அரைநாள் காத்திருந்து, மூன்று நிமிடமும் 'கேட்கிறதா, கேட்கிறதா' என்று கத்தித் தீர்த்ததும் தெரியும். 2013இல் மூடப்பட்ட தந்தி வசதி இருந்த காலத்தில், தந்தி வந்தது என்றாலே வீட்டில் அழுகுரல் எழும். செய்தி கிடைத்து, பயணச்சீட்டு கிடைத்து, ஊர் போய்ச் சேர்வதற்குள் தந்தையின் உடல் எரிந்து முடிந்திருக்கும். இன்று நோயுற்ற தாயின் முகத்தை நாள்தோறும் காண முடிகிறது. இதனை வெறும் பொய்த்தோற்றம் என்று சொல்லும் உரிமை, பிரிவின் துயரை அறியாதவர்க்கு இல்லை.

அப்படியாயின் வாஷ்டியின் பிழை எது? அவள் தட்டில் மகனைப் பார்த்தது பிழையன்று. அவளுலகில் வான்கப்பல்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இரண்டு நாளில் மகனிடம் சேர்ந்துவிடலாம். அவளுக்கு எழுந்து செல்ல மனமில்லை. இயலாமைக்கு மாற்றாக வந்த கருவி, விருப்பமின்மைக்குச் சாக்காகிவிட்டது. கதையின் நுட்பம் இவ்விடத்தில்தான் இருக்கிறது. பிறகு அவள் ஒருவாறு மனம் தேறிப் புறப்படுகிறாள். வான்கப்பல் இமயத்தைக் கடக்கிறது. இம்மலைகள் எனக்கு எக்கருத்தையும் தரவில்லை என்று சன்னலை மூடச் சொல்கிறாள். காகசஸ் மலைக்கும் அதுவே தீர்ப்பு. கிரேக்கத்துக்கும் அதுவே. கருத்துகளையே உண்டு வாழ்பவளுக்குக் கருத்துகள் பிறந்த மண் கண்ணில் படவில்லை! பயணச் சன்னலருகே அமர்ந்து, நருமதையைக் கடப்பதையும் அறியாமல் கையிலுள்ள சிறுதிரையில் ஆழ்ந்திருக்கும் நம் பிள்ளைகளை இங்கு நினைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளை மட்டுமே நினைப்பதும் நியாயமன்று. பெற்றோரும் அப்படித்தான் இருக்கிறோம்.

குனோ செய்த குற்றம் என்ன தெரியுமா? நடந்ததுதான். தன் அறைக்கு வெளியே உள்ள மேடையில் மேலும் கீழும் நடந்து, அருகு என்றால் என்ன, தொலைவு என்றால் என்ன என்பதைக் கால்களால் கற்றுக்கொள்கிறான். தலையணையைக் கைநீட்டிப் பல நிமிடம் தாங்கித் தசைகளுக்குப் பயிற்சி தருகிறான். உடல் வலு மிகுந்து பிறக்கும் குழந்தைகளைப் பிறந்தவுடன் அழித்துவிடும் சமுதாயம் அது என்பதை நினைத்தால், அத்தலையணைப் பயிற்சி எத்துணைப் பெரிய கலகம் என்பது விளங்கும். அவன் பழைய காற்றுக் குழாய் ஒன்றின் வழியே ஏறி நிலமேற்பரப்பை அடைகிறான். எந்திரத்தின் வெண்புழுக்கள் அவனைச் சுற்றி மீண்டும் கீழே இழுத்துக்கொள்கின்றன.

இறுதியில் எந்திரம் நிற்கிறது. அது ஒரே நாளில் நிற்கவில்லை. முதலில் இசையில் கரகரப்புத் தோன்றுகிறது, மக்கள் முறையிடுகின்றனர், பின்னர் அதற்குப் பழகிவிடுகின்றனர். குளிக்கும் நீர் நாறுகிறது, அதற்கும் பழகுகின்றனர். பழுது பார்க்கும் பொறியே பழுதாகிவிட்டது என்று தெரியவரும்போது, அதனைச் சீராக்க அறிந்தவர் ஒருவரும் இல்லை. இப்பகுதியை நான் பலமுறை படித்திருக்கிறேன். சார்ந்து வாழ்பவன் முதலில் இழப்பது, இது சரியில்லை என்று சொல்லி அதன்மேல் செயல்படும் மனவலிவை. பேரழிவு பின்னால் வருகிறது. இருளில் சரிந்து வீழும் அந்நகரத்தில் தாயும் மகனும் தட்டின் உதவியின்றி ஒருவரையொருவர் தொட்டுப் பேசுவது, இறக்கும் தறுவாயில்தான்.

ஃபார்ஸ்டரைப் படித்து முடித்த சூட்டில், 'பண்டைக் காலத்துக்கே திரும்புவோம்' என்று முழங்கத் தோன்றும். அந்த முழக்கத்துக்கு மருந்தாக அமைவது ஐசக் அசிமோவ் 1958இல் வெளியிட்ட 'ஆற்றலின் உணர்வு' என்னும் சிறுகதை. கணிப்பொறிகளே கணிப்பொறிகளை வடிவமைக்கும் எதிர்காலம். பெருக்கல் என்பது மனிதனால் இயலும் செயல் என்பதையே மனிதகுலம் மறந்துவிட்டது. மைரன் ஆப் என்னும் கீழ்நிலைத் தொழில்நுட்ப ஊழியன், பழங்காலப் பொறிகளின் செயலை ஆராய்ந்து, தாளில் எண்களை எழுதிப் பெருக்கும் முறையைத் தானே கண்டுபிடிக்கிறான். படைத்தலைவர்களும் அரசியல் தலைவர்களும் வாய்பிளந்து பார்க்கிறார்கள். ஒன்பதை ஏழால் பெருக்கினால் அறுபத்து மூன்று என்று ஒரு மனிதன் தன் மூளையால் சொல்லிவிட்டான்!

நம் முன்னோர் இக்கதையைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பர். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்த சிறுவன் முழு எண்ணோடு நின்றவனல்லன். இருபதில் ஒரு பங்கு மா, எண்பதில் ஒரு பங்கு காணி, முந்நூற்றிருபதில் ஒரு பங்கு முந்திரி, அம்முந்திரியையும் முந்நூற்றிருபதாகப் பகுத்தது கீழ்முந்திரி. அதாவது ஒன்றில் 1,02,400இல் ஒரு பங்கு. இவற்றின் வாய்பாடுகளை ஓதியே வளர்ந்தான். மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளை சிட்டையின் மேலிருந்து கீழாக ஒருமுறை விரலோட்டி மொத்தத் தொகை சொல்லக் கண்டவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். பிரம்படியும் பொருள் விளங்கா ஓதலும் அக்கல்வியின் மறுபக்கம். அதனையும் மறைக்க வேண்டுவதில்லை.

அசிமோவின் கதை பழம்பெருமையில் முடிவதில்லை. மனிதனே கணக்கிடக் கூடுமென்றால், ஏவுகணைக்குள் விலையுயர்ந்த கணிப்பொறியை வைத்து அனுப்புவானேன், மனிதனையே வைத்து அனுப்பலாமே என்று படைத்தலைவர் முடிவு செய்கிறார். மனிதன் மலிவானவன், அழிந்தாலும் இழப்பில்லை. தன் கண்டுபிடிப்பு இதற்குப் பயன்படுவதை அறிந்த மைரன் ஆப் தற்கொலை செய்துகொள்கிறான். அவனது இறுதிச் சடங்கில் நின்றிருக்கும் அதிகாரி ஒருவர், மனத்துக்குள் ஒன்பதையும் ஏழையும் பெருக்கிப் பார்த்து, அந்த ஆற்றலில் இன்பம் கொள்கிறார். இம்முடிவை முதன்முறை படித்தபோது எனக்குக் குளிர் எடுத்தது. இழந்த திறனை மீட்பதனாலேயே மனிதன் மேன்மை அடைந்துவிடுவதில்லை. ஆற்றல் வளரலாம், அதனை உடையவன் வளராமலே இருக்கலாம்.

இதே பொருள் 1965இல் வெளிவந்த ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' நாவலில் பேருருவம் கொள்கிறது. சிந்திக்கும் பொறிகளுக்கு எதிராகப் பண்டொரு காலத்தில் புரட்சி நடந்து, மனித மனத்தைப் போலச் செய்யும் பொறி எதுவும் கூடாது என்பது சமயக் கட்டளையாகவே நிலைபெற்ற உலகம் அது. பொறிகளின் இடத்தை நிரப்ப மனிதர் தம் மனத்தைப் பயிற்றுகின்றனர். மென்டாட் எனப்படுவோர் மனிதக் கணிப்பொறிகள். நமக்கு இது முற்றிலும் புதிதன்று. 1907இல் சென்னையில் நூறு செயல்களில் ஒருங்கே கவனம் செலுத்திச் சதாவதானி என்று போற்றப்பெற்ற செய்குத்தம்பிப் பாவலரை நாம் பெற்றிருக்கிறோம். 1980ஆம் ஆண்டு சூன் 18 அன்று இலண்டன் இம்பீரியல் கல்லூரியில், இரண்டு பதின்மூன்று இலக்க எண்களை 28 விநாடியில் பெருக்கிச் சொன்ன சகுந்தலா தேவி பெங்களூரில் பிறந்தவர். ஹெர்பர்ட் கற்பனையில் கண்டவர்களின் உறவினர்கள் நம் நாட்டு மேடைகளில் நின்றிருக்கிறார்கள்.

எனினும் ஹெர்பர்ட் ஒரு முள்ளை உள்ளே வைத்திருக்கிறார். மென்டாட்டுகள் பிரபுக் குடும்பங்களுக்குப் பணிபுரிபவர்கள். தம் தலைவர் எதற்குக் கணக்கிடச் சொல்கிறாரோ அதற்குக் கணக்கிடுபவர்கள். விண்கலங்களை வழிநடத்தும் மாலுமிகளோ ஒரே ஒரு கோளில் மட்டும் விளையும் ஒரு பொடிக்கு அடிமைகள். அப்பொடி இல்லையேல் அவர்களால் வழி காண இயலாது, பேரரசே முடங்கிவிடும். பொறியின் பிடியிலிருந்து விடுபட்டவர்கள் போதைப்பொருளின் பிடியிலும் பிரபுக்களின் பிடியிலும் சிக்கினார்கள். பொறியை உடைத்தாயிற்று, மனிதனே பொறியாகிவிட்டான். அவதானியார் மேடையை விட்டு இறங்கியபின் தம் நினைவாற்றலைத் தாம் விரும்பிய வழியில் செலுத்தும் உரிமையோடு வீடு திரும்பினார். மென்டாட்டுக்கு அவ்வீடு இல்லை. நாவலைப் பற்றி எழுதுவோர் பலர் மனப்பயிற்சியின் பெருமையில் மயங்கி, இவ்வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டுவிடுகின்றனர்.

1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008இல் அங்கேயே மறைந்த ஆர்தர் சி. கிளார்க், பொறி காக்கும் நகரம் ஒன்றையும் மனத்தை வளர்த்த ஊர் ஒன்றையும் எதிரெதிரே நிறுத்தி 'நகரமும் விண்மீன்களும்' என்னும் நாவலை எழுதினார். இரண்டையும் இணைத்து வைக்கும் அவர் தீர்வு எனக்குச் சற்று எளிதாகவே படுகிறது.

எளிதில் தீராத கதை, மீண்டும் அசிமோவுடையது. 1957இல் வந்த 'தொழில்' என்னும் குறுநாவல். அதில் கல்வி என்பது நாடாக்களிலிருந்து மூளைக்குள் நேரே பதிக்கப்படுகிறது. எட்டு வயதில் ஒரே நாளில் எழுத்தறிவு. பதினெட்டு வயதில் ஒரே நாளில் தொழிலறிவு. ஜார்ஜ் பிளேட்டன் என்னும் இளைஞன் கணிப்பொறி நிரலாளனாக வேண்டும் என்ற ஆசையில் முன்கூட்டியே நூல்களைப் படித்து வைக்கிறான். அந்நாள் வந்தபோது, உன் மூளை நாடாவை ஏற்காது என்று சொல்லி, மனவளர்ச்சி குன்றியோர் இல்லம் ஒன்றில் அவனைச் சேர்த்துவிடுகிறார்கள். அங்கு எல்லாரும் நூல் படித்துக் கற்கிறார்கள்! அவமானம் தாங்காமல் வெளியேறுகிறான். வெளியில் அவன் காண்பது, நாடாவால் கற்ற நண்பன் போட்டியில் தோற்பதை. போட்டிக்கு வைத்த கருவி புதிது. நண்பனின் நாடாவில் அது இல்லை. நூலைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாமே என்று ஜார்ஜ் சொல்வதை எவரும் பொருட்படுத்துவதில்லை. பின்னரே அவனுக்கு உண்மை தெரிகிறது. அந்த இல்லம் உயர் ஆய்வுக் கழகம். நாடாக்களை உருவாக்கும் புதிய அறிவைப் படைப்பவர்கள் அங்கிருந்துதான் வருகிறார்கள். நீ குறைபட்டவன் என்ற தீர்ப்பை ஏற்காமல் கிளர்ந்தெழுபவனே அதற்குத் தகுதியுடையவன் என்பதால் உண்மையை முன்னமே சொல்வதில்லை.

இக்கதை என்னைக் கவர்கிறது, உறுத்தவும் செய்கிறது. அறிவைப் பெறுதல் வேறு, அறிவை ஈட்டுதல் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன கதை எனக்குத் தெரியாது. கேட்டவுடன் கட்டுரை எழுதித் தரும் பொறிகள் மாணவர் கைக்கு வந்துவிட்ட இந்நாளில் அதன் பொருள் இன்னும் கூர்மை பெற்றிருக்கிறது. ஆனால் அசிமோவின் உலகில் ஈட்டும் பேறு மிகச் சிலருக்கே உரியது. எஞ்சிய கோடிக்கணக்கானோர் நாடாவால் நிரப்பப்பட்டு, அதனையே கல்வி என்று நம்பி, மகிழ்ச்சியோடு வாழ்ந்து முடிகிறார்கள். அவர்களுக்கும் உள்ளிருந்து எழக்கூடிய ஏதோ ஒன்று இருந்திருக்குமே என்று ஆசிரியர் கவலைப்படவில்லை. சிலர் அறிவைக் காக்க, பலர் ஏவல் கேட்டு வாழும் ஏற்பாடு நம் நாட்டுக்குப் புதிதன்று. அதன் கொடுமையை அறிந்த நாம் இக்கதையை இரு கையேந்தி வரவேற்க இயலாது.

நம் சுஜாதாவையும் இங்குக் குறிப்பிட வேண்டும். தில்லியிலும் பெங்களூரிலும் பொறியாளராகப் பணிபுரிந்து, 2008இல் மறைந்த அவர், 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்னும் எந்திர நாயைப் படைத்தார். மனிதர் குழந்தை பெறுவதற்கும் அரசின் ஒப்புதலை எதிர்நோக்கும் எதிர்காலத்தில், அந்நாய் நூல்களைத் தேடித்தேடிப் படிக்கிறது. வீட்டு நாயாக இருக்க நூலறிவு தேவையில்லை. ஆயினும் படிக்கிறது, கேள்வி கேட்கிறது, தன்னை விரித்துக்கொள்கிறது. வாசகர் நேசித்தது மனிதப் பாத்திரங்களைவிட அந்நாயை என்பதில் வியப்பில்லை. இயற்றுதல் கருத்தாவாக அக்கதையில் நிமிர்ந்து நிற்பது அதுவே.

இவ்விடத்தில் ஒருவர் மறுக்கலாம். எழுத்தும் ஒரு கருவிதானே, அதனையும் அன்று எதிர்த்தார்கள் அல்லவா என்று. உண்மை. எழுத்து நினைவை அழித்துவிடும் என்று எகிப்திய அரசன் ஒருவன் அஞ்சியதாகச் சாக்ரடீசு சொன்ன கதையைப் பிளேட்டோ எழுதி வைத்திருக்கிறார். எழுதி வைத்ததனால்தான் நமக்குத் தெரிகிறது. ஓலையும் எழுத்தாணியும் இல்லையேல் உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்திருக்க முடியாது. அச்சுப்பொறி இல்லையேல் அது நம் வீட்டு அலமாரிக்கு வந்திருக்காது. எனவே கருவி அனைத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது பேதைமை.

நிறுப்பதற்கு நம் இலக்கணமே ஒரு வழி தருகிறது. கருவியை முதற்கருவி, துணைக்கருவி என்று பிரித்தனர் முன்னோர். 'மண்ணால் குடம் செய்தான்' என்பதில் மண் முதற்கருவி. குடத்திலிருந்து அதனைப் பிரிக்க முடியாது. 'சக்கரத்தால் குடம் செய்தான்' என்பதில் சக்கரம் துணைக்கருவி. குடம் முடிந்ததும் அது தனியே நின்றுவிடும். சக்கரத்தை மின்விசையால் சுழற்றினால் குடத்துக்கு ஊறில்லை. மண்ணை எடுத்துவிட்டால் குடம் எங்கே? வாஷ்டிக்கு வான்கப்பல் துணைக்கருவி. காணவேண்டும் என்னும் விருப்பமோ தாய்மையின் மண். ஆகவே ஒரு பொறியை வீட்டுக்குள் அழைக்கும்போது, இது நம் சக்கரத்தைச் சுழற்ற வருகிறதா, மண்ணை அள்ளிச் செல்ல வருகிறதா என்று கேட்பது தகும். விடை எல்லார்க்கும் ஒன்றாக இராது. கணக்கெழுதிப் பிழைப்பவனுக்கும் கணிதம் பயிலும் சிறுமிக்கும் ஒரே கணிப்பொறி இரு வேறு பொருளாகும்.

எங்கள் நகரத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ் வகுப்பில், சில மாதங்களுக்கு முன் ஒரு தந்தையார் என்னிடம் இதனை நேராகவே கேட்டார். "ஐயா, நான் தமிழில் பேசினால் கைப்பேசி இந்தியில் சொல்கிறது, பையன் இந்தியில் பேசினால் தமிழில் சொல்கிறது. நாளைக்கு இன்னும் நன்றாகச் சொல்லும். வாரத்தில் அவனுக்குக் கிடைப்பது ஒரே ஒரு விடுமுறை. அதனை ணகர னகர வேறுபாட்டில் ஏன் கழிக்க வேண்டும்?"

அவர் கேட்டதில் குறும்பு இல்லை, களைப்பு இருந்தது. தொலைவிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருபவர். நானும் தமிழ்த்தாயின் பெயரைச் சொல்லி அவரை அதட்ட விரும்பவில்லை. ஊர்ப் பேருந்தின் பெயர்ப்பலகை படிக்க, பத்திரம் படித்துப் பொருளறிய, கைப்பேசி போதும் என்று ஒப்புக்கொண்டேன். பிறகு அவருடைய தாயாரைப் பற்றிக் கேட்டேன். கும்பகோணத்துக்கு அருகே தனியாக இருக்கிறாராம். கைப்பேசி வழியே பேரன் சொல்லும் செய்தி அவருக்குப் பிழையின்றிப் போய்ச் சேரும். ஆனால் பேரன் பிழையோடு பேசுவதைக் கேட்டுச் சிரிக்கவும், திருத்தவும், அவன் சொன்ன தவறான சொல்லையே செல்லப் பெயராக வைத்துக் கூப்பிடவும் அந்த அம்மாளுக்கு வாய்ப்பிராது. அத்தை, சித்தி, பெரியம்மா என்னும் மூவரையும் பொறி சரியாகவே மொழிபெயர்த்துவிடும். பையனின் நெஞ்சில் மூவரும் ஒரே 'ஆன்ட்டி'யாக இருந்தால், யார் மடியில் எந்த உரிமையோடு சாய்வது என்பதைப் பொறி எப்படி மொழிபெயர்க்கும்? பாட்டிக்கும் பேரனுக்கும் இடையே தமிழ் செய்தி கொண்டுசெல்லும் வண்டி மட்டுமன்று, அவ்வுறவு பிடித்து வைக்கப்படும் மண்ணும் அதுவே என்று எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்.

அவர் முழுவதும் ஒப்பவில்லை. தம் தாயாருக்குக் காது மந்தமாகி வருகிறது, இப்போதே அவர் கைப்பேசியின் எழுத்தைத்தான் படிக்கிறார் என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை. இருவரும் தேநீர் அருந்தினோம். பையன் இன்னும் வருகிறான். பெரும்பாலும் அரைமணி தாமதமாக. சென்ற வாரம் பாட்டிக்குத் தன் கையால் ஓர் அஞ்சலட்டை எழுதினான். ஆறு வரி, ஒன்பது பிழை. திருத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், பாட்டி திருத்துவார்கள் என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனான்.